ஜன்னல் கலியாணமும் பன்னிரண்டு கிலோ வெண்ணெயும்

காஞ்சிபுரத்துக்கு வந்து கலியாணசுந்தரம் வீடு எது என்று கேட்டால் தெருவுக்கு ஒருவரைக் காட்டுவார்கள். ஜன்னல் கலியாணம் என்று கேளுங்கள், நேராகப் பெரிய காஞ்சிபுரம் கார் ஸ்டாண்டில் வேப்பமரத்தடியில் நிற்கும் வெள்ளைக் காரிடம் கொண்டுபோய் விடுவார்கள். நாலு ஜன்னலும் திறந்திருக்கும். மழை பெய்தால் ஏற்றுவார். அதுவும் மழை எந்தப் பக்கம் சாய்ந்து அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை மட்டும்.

அந்தக் காரில் ஏசி உண்டு. ஜில்லென்று இருக்கும் என்றும் சொல்வார்கள். ஆனால் பதினோரு வருடமாகக் கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர். பட்டுப்புடவை வாங்க வந்து அவரிடம் மாட்டுகிறவர்கள் கேட்பார்கள்.

"டிரைவர், வண்டில ஏசி இருக்குதா?"

"இருக்குதுமா."

"அப்ப போடுங்க."

"இருக்குதான்னுதானேமா கேட்டீங்க?"

இதை வைத்து அவரைக் கஞ்சன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வண்டியில் ஏறியவர்களுக்கெல்லாம் மண் கூஜாவிலிருந்து நீர்மோர் கொடுப்பார், கையில் ஆளுக்கொரு பனையோலை விசிறியும் கொடுப்பார். அவர் கொள்கை வேறு. பெட்ரோல் என்பது வண்டி போவதற்கு. உட்கார்ந்து குளிர்ந்துகொள்வதற்கு அதை எரிப்பது விறகைக் கொளுத்தி நிழல் வாங்குகிற வேலை. இப்படிச் சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். எதிரில் இருப்பவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கொள்கைக்கு மூலம் தறிக்குழி. இருபத்தைந்து வயது வரை கலியாணசுந்தரம் நெசவுதான் செய்தார். கத்திரி வெயிலில், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டுப்பாவு காய்ந்து முறுகினால் இழை பட்டுப்பட்டென்று அறும். அதற்காகத் தறியைச் சுற்றி ஈரக்கோணியைத் தொங்கவிடுவார்கள், காற்று அதன் வழியாக வந்தால் இழைக்கும் சுகம், நெய்கிறவனுக்கும் சுகம். முதுகுவலி வந்து தறியை விட்டு டிரைவர் ஆனார். தறி விட்டது, கோணி விடவில்லை. காரின் ஜன்னல் ஒவ்வொன்றிலும் மேலே கொக்கி வைத்து, கோணியை நனைத்துத் தொங்கவிட்டார். வண்டி ஓடும்போது ஈரத்தின் வழியாக வரும் காற்று உண்மையிலேயே குளுகுளுவென்றுதான் இருக்கும், அதில் பொய்யில்லை. கோணி நாற்றம் பொறுக்காதவர்களுக்காக இரண்டு ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டியும் மாட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் கார் மாதிரித் தெரியாது. ஏதோ மளிகை மண்டி நகர்ந்து வருவது போலிருக்கும்.

டீ குடிக்கப் போகும்போது வேறு வழியில்லாமல் வண்டியைப் பூட்டுவார். திரும்பி வந்ததும் ஏறிவிட மாட்டார். ஒரு பக்கம் பின் ஜன்னலை இறக்கிவிட்டு, மறுபக்கம் முன் கதவைப் பிடித்துக்கொண்டு படார் படார் என்று ஏழு தடவை திறந்து மூடுவார். உள்ளே அடைபட்ட சூடெல்லாம் அந்த ஜன்னல் வழியாக ஓடிவிடும். தெரியாதவர்கள் வண்டிக்குள் குளவி புகுந்துவிட்டது என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். ஸ்டியரிங்குக்கு ஈரத்துண்டு, சீட்டுக்குக் கோரைப்பாய், முன் கண்ணாடிக்குப் பழைய வேட்டி. எந்தக் கோபுர நிழல் எத்தனை மணிக்கு எந்தக் கடை வாசலில் விழும் என்பது அவருக்கு மனப்பாடம். சவாரி பேசும்போதே, "பத்து மணிக்கு மேலன்னா எதிர்ப்பக்கமா வந்து ஏறுங்கமா, அங்கதான் நெழல் இருக்கும்" என்று சொல்லிவிடுவார். வயதானவர்கள் ரோட்டைக் கடந்து நிழலுக்குப் போய், அங்கே அவர் வரும்வரை நிற்பார்கள்.

இந்தக் கொள்கையை எதிர்த்து வாதாட ஊரில் ஒரே ஆள்தான் உண்டு. ஒலிமுகமது பேட்டையில் கார் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் கியாசுதீன். இருபது வருடச் சிநேகம்.

"கலியாணம், ஊருக்குள்ள மெதுவாப் போறப்ப ஜன்னல தெறந்துக்கோ, நான் வாணாங்கல. ஹைவேல எம்பது தொண்ணூறுல போறப்ப தெறந்து வெச்சா காத்து பூந்து வண்டிய பின்னால இழுக்கும்பா. அதுக்கும் பெட்ரோல்தான் போவுது. அப்ப மூடிக்கினு ஏசிய போடறதே மேலு."

கலியாணசுந்தரம் இதை மூன்று நாள் யோசித்தார். நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து ஹைவேயில் ஐம்பதுக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டார். கியாசுதீன் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் அம்சவேணி இருந்தாள். கலியாணசுந்தரத்தின் மனைவி. அவள் வாதாடுவதில்லை. வண்டி வாங்கிய புதிதில் ஒருமுறை முன் சீட்டில் உட்கார்ந்து, "ஏங்க, ஒரே ஒரு தபா போடுங்க, எப்டி இருக்குதுன்னு பாக்கலாம்" என்றாள். அவர் விறகுக் கதையைச் சொன்னார். அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காததால் அவளுக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆண்பிள்ளைகள் இப்படித்தான் நினைப்பார்கள், சொன்னால் கோபம் வரும்.

எட்டு மாதத்துக்கு முன் அம்சவேணி ஒரு வேண்டுதல் வைத்தாள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஆஞ்சநேயருக்கு வெண்ணெய்க்காப்பு. இலங்கைப் போரில் பட்ட காயத்தின் எரிச்சல் அடங்க அவர் திருமேனி முழுக்க வெண்ணெய் சாத்துவது வழக்கம். "பாத்தியா, அவரே ஏசி இல்லாமதான் குளுந்துக்கினாரு" என்று அதிலும் கலியாணசுந்தரம் தன் கொள்கைக்கு ஆள் சேர்த்துக்கொண்டார். வேண்டுதல் எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை. நடக்கும் வரை வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்பதால் அவளும் சொல்லவில்லை. அந்தக் கோயிலில் காப்புக்கு முறை கிடைப்பது லேசில்லை. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த நாள் வைகாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, மாலை நாலு மணி. அன்று விட்டால் அடுத்த முறை அடுத்த வருடம்தான்.

வெண்ணெய்க்கு ஏனாத்தூரில் மாடு வைத்து வெண்ணெய் விற்கும் எல்லம்மாள் வீட்டில் சொல்லியிருந்தது. பன்னிரண்டு கிலோ. "காலைல ஆறு மணிக்கெல்லாம் போயி எடுத்துக்கினு வந்துடுங்க, வெயிலு ஏறிச்சின்னா உருகிடும்" என்று வெள்ளிக்கிழமையே அம்சவேணி சொன்னாள். கலியாணசுந்தரம் சரி என்றார். அப்புறம் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குச் செங்கல்பட்டுக்கு ஒரு சவாரி வந்தது. போய்விட்டு ஒன்பதுக்குள் வந்துவிடலாம் என்று போனார். சவாரிக்காரர் அங்கே பன்னிரண்டு வரை காக்க வைத்தார், வண்டியும் ஐம்பதுக்கு மேல் போவதில்லை அல்லவா, ஏனாத்தூர் வந்தபோது மணி ஒன்றரை.

எல்லம்மாள் இரண்டு குண்டானில் வெண்ணெயைப் போட்டு, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, நிழலில் வைத்திருந்தாள்.

"இன்னா தம்பி, விடியக்காலைல வரேன்ன? உச்சி வெயில்ல வந்து நிக்கறியே, ஏசி காரா?"

"ஏசி கார்தான்."

"அப்ப பயமில்ல, போயி வா."

நாலு கோணியையும் சொட்டச்சொட்ட நனைத்து மாட்டினார். ஐந்தாவது கோணியைக் குண்டான்கள் மேல் போர்த்தினார். பாவு காயாமல் முப்பது நாள் காத்தவனுக்கு வெண்ணெயை அரை மணி நேரம் காக்கத் தெரியாதா என்று அவருக்குள் ஒரு மிதப்பு. நேர் ரோட்டில் போயிருந்தால் கால் மணியில் கோயிலுக்குச் சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் நேர் ரோட்டில் ஒரு துளி நிழல் கிடையாது. பட்டுக்கடைகள் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போனால் மூன்று கிலோமீட்டர் கூடுதல்தான், ஆனால் வழியெல்லாம் மாடிக் கட்டடங்களின் நிழல். கலியாணசுந்தரம் நிழல் வழியில் திருப்பினார்.

அடுத்த வாரம் நல்ல முகூர்த்தம். அந்த ஞாபகம் பட்டுக்கடைத் தெருவின் நடுவில்தான் அவருக்கு வந்தது. வெளியூர்க் கார்கள் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் ஒரு பஸ் முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் மாட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு முன்னால் கார், பின்னால் கார், இரண்டு பக்கமும் கார். எல்லாக் காரிலும் கண்ணாடி ஏற்றி ஏசி போட்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் குளிர, அந்த வண்டிகள் கக்கிய சூடெல்லாம் திறந்திருந்த ஒரே காருக்குள் வந்தது.

ஈரக்கோணிக்கு ஒரு குணம் உண்டு. காற்று அடித்தால்தான் குளிரும். காற்று நின்றுவிட்டால் அந்த ஈரம் சூடேறி உள்ளேயே சுற்றும். தறிக்குழியில் இந்தச் சங்கடம் வந்ததில்லை, ஏனென்றால் தறிக்குழி டிராபிக்கில் மாட்டாது. ஐந்து நிமிடத்தில் கார் இட்லிக் குண்டானாகிவிட்டது. கோயில் இட்லி வேகும் மந்தாரை இலை மட்டும்தான் பாக்கி. கலியாணசுந்தரத்தின் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது.

பின்னால் திரும்பிக் கோணியைத் தூக்கிப் பார்த்தார். வெண்ணெய்க் கட்டிகள் பளபளவென்று மின்னின. அது நல்ல பளபளப்பு இல்லை. கட்டிகளின் மூலைகள் மழுங்கி, ஒன்றோடொன்று தோளில் கை போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தன. பனையோலை விசிறியை எடுத்து, பின்பக்கம் திரும்பி மண்டி போட்டு, வெண்ணெய்க்கு விசிற ஆரம்பித்தார். பக்கத்துக் காரில் இருந்த குழந்தை இதைப் பார்த்துக் கைதட்டியது. மணி இரண்டே முக்கால்.

போன் அடித்தது. அம்சவேணி.

"ஏங்க, எங்க இருக்கீங்க? மாலை கட்டியாச்சி. ஐயர் கேட்டுக்கினே இருக்காரு."

"வந்துக்கினே இருக்கேன்."

"வெண்ண எப்டி இருக்குது?"

"இருக்குது."

 பதினோரு வருடமாக அந்த "இருக்குது"வை அவளுக்குத் தெரியும். "இந்த ஒண்ண மட்டும் கெடுத்துடாதீங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள்.

விசிறி அப்படியே நின்றது. எதைக் கெடுக்கக்கூடாது? அவள் என்னதான் வேண்டிக்கொண்டிருக்கிறாள்? எட்டு மாதத்தில் ஒருதடவைகூட நான் கேட்கவில்லையே! போன மாதம் அம்சவேணி ரத்தப் பரிசோதனைக்குப் போனது ஞாபகம் வந்தது. இந்த வண்டியில்தான் கூட்டிப் போனார். வழியெல்லாம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முடிவு நார்மல் என்றுதான் சொன்னாள். நார்மல் என்று சும்மா சொன்னாளோ? முழங்காலோ, நெஞ்சோ, வேறு ஏதாவது பெரிசோ?  வெளியே நாற்பத்தோரு டிகிரி வெயில், அவருக்கு வியர்வை குளிர்ந்து வந்தது. பன்னிரண்டு கிலோவும் நெய்யாகி வழிந்து, சாமி முன்னால் காலிக் குண்டானோடு அவள் நிற்பதை நினைத்தார். பெட்ரோலாவது, கொள்கையாவது!

கியாசுதீனுக்குப் போன் போட்டார்.

"பாய், ஏசிய எப்டி போடறது?"

 கியாசுதீன் பதறிப்போய்க் கேட்டார்: "கலியாணம், ஒடம்புக்கு இன்னாப்பா ஆச்சி? எங்க இருக்கிற? தலைய சுத்துதா? அண்ணி கூட இருக்காங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்லபா. வெண்ண உருகுது. எந்த பட்டன் அது?"

"ரேடியோவுக்குக் கீழ பாரு. பனி விழற மாதிரி படம் போட்டிருக்கும்."

"பனிலாம் ஒண்ணும் இல்ல. ஒரு புட்டா டிசைன்தான் இருக்குது, ஆறு இதழு."

"அதாம்பா பனி!"

பதினோரு வருடமாகக் கலியாணசுந்தரம் அதைப் பார்த்திருக்கிறார். கார் கம்பெனிக்காரன் அழகுக்கு ஒரு பூ புட்டா போட்டிருக்கிறான், முந்தானையில் வைத்தால் நன்றாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். காஞ்சிபுரத்தில் பனியை யார் ஆறு இதழோடு பார்த்தது?

"மொதல்ல கோணிய எல்லாம் கழட்டிப் போடு," என்றார் கியாசுதீன். "ஜன்னல் தெறந்தே இருக்கட்டும், பேன ஃபுல்லா வெச்சி ரெண்டு நிமிசம் சூட்ட வெளிய தள்ளு. அப்பால மூடிக்கினு, கார் படத்துக்குள்ள அம்பு சுத்தற பட்டனையும் அமுக்கு. உள்ள குளுந்த காத்தே திரும்பத் திரும்பக் குளுரும், பெட்ரோலும் கம்மியாப் புடிக்கும்."

"இது வேல செய்யுமா? நான் போட்டதே இல்லயேபா."

"நீ போட்டா இன்னா, போடாட்டி இன்னா? வருசா வருசம் எஃப்.சி.க்கு வண்டி வரப்ப அண்ணி எனக்குப் போன் பண்ணிடுவாங்க. ஏசிய பாத்து வெச்சிடுங்க பாய், அவருகிட்ட சொல்லாதீங்கன்னுவாங்க. கேஸ் ஃபுல்லா இருக்குது, அமுக்கு!"

இதைக் கேட்டுத் திகைக்க நேரமில்லை. கலியாணசுந்தரம் கோணிகளைக் கழற்றிப் பின்னால் போட்டு, முருகனை வேண்டிக்கொண்டு, பூ புட்டாவை அமுக்கினார்.

முதலில் வேப்பம்பூ வந்தது. வருடம் முழுக்க மரத்தடியில் நிறுத்தியதன் பலன், காற்று வரும் துளை வழியாக மணமேடையில் தூவுவது போல அவர் முகத்தில் தூவியது. அடுத்து வேப்பஞ்சருகு. கடைசியாக, குடியிருந்த வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட கோபத்தோடு ஒரு பல்லி பாய்ந்து வந்து அவர் உச்சந்தலையில் விழுந்தது. தலையில் பல்லி விழுந்தால் கலகம் என்று காலண்டருக்குப் பின்னால் போட்டிருக்கும். கலகம் வீட்டில் நிச்சயம் என்பது பல்லி சொல்லாமலே அவருக்குத் தெரியும். நல்லவேளை, பெருமாள் கோயில் தங்கப்பல்லியைத் தொட்டால் தோஷம் போய்விடும், அதுவும் போகிற வழியில்தான் இருக்கிறது. பல்லி ஜன்னல் வழியாகக் குதித்து ஏசி இல்லாத உலகத்துக்குப் போனது. அவர் நாலு கண்ணாடியையும் ஏற்றினார்.

சத்தம் நின்றது. ஹாரன் எல்லாம் எங்கோ அடுத்த ஊரில் அடிப்பது போல் ஆனது. கழுத்தில் இருந்த வியர்வை காய்ந்தது. பிடரியில் ஒரு குளிர் ஊர்ந்தது. கலியாணசுந்தரத்துக்கு இவ்வளவு நாள் தன்மேலேயே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு தடித்த ஆள் எழுந்து போய்விட்டது போலிருந்தது. "அடப்பாவி" என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றேகாலுக்குப் பஸ் நகர்ந்தது. மூன்றே முக்காலுக்கு அவர் சந்து முனைக்கு வந்தார். கோயில் வாசலில் அம்சவேணி அரக்குப் பட்டுப்புடவையோடு நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கார் ஒன்று எதிரில் வந்து நின்றது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் யாரோ வெளியூர்க்காரர் என்று நினைத்து, அதைத் தாண்டித் தெருக்கோடியைப் பார்த்தாள்.

கதவைத் திறந்துகொண்டு கலியாணசுந்தரம் இறங்கினார். தலையில் வேப்பம்பூ, கழுத்தைச் சுற்றித் துண்டு.

"அம்சா, வெண்ண."

அவள் குண்டானைப் பார்க்கவில்லை. காருக்குள் கையை விட்டாள். கையைத் திருப்பித் திருப்பி அந்தக் குளிரில் வைத்துப் பார்த்தாள். பிறகுதான் வெண்ணெயைத் தொட்டாள். மூலை மழுங்கியிருந்தாலும் கெட்டியாக இருந்தது. அர்ச்சகர் வந்து இரண்டு குண்டானையும் உள்ளே எடுத்துப் போனார்.

"ஒடம்புக்கு இன்னா உனக்கு? உண்மைய சொல்லு, நான் தாங்கிப்பேன்," என்றார் கலியாணசுந்தரம். 

"எனக்கு இன்னா? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"அப்ப இன்னாதான் வேண்டிக்கின?"

அம்சவேணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "என் வூட்டுக்காரரு ஏசிய போட்டுக்கினு என்ன பக்கத்துல உக்கார வெச்சி ஒரு தபா ஓட்டணும், அவ்ளோதான். எல்லாரும் நடந்தப்பறம்தான் சாத்துவாங்க. உங்க விசயத்துல நான் அப்டி காத்துக்கினு இருந்தா ஆஞ்சநேயருக்கு வெண்ணயே கெடைக்காது. அதான் அட்வான்சா சாத்திடலாம்னு வந்தேன்."

கலியாணசுந்தரம் ஆஞ்சநேயர் இருந்த திசையைப் பார்த்தார். வெண்ணெய் வந்து சேர்வதற்கு முன்பே வேலையைத் தொடங்கிய சாமி. கேட்டிருந்தால் போட்டிருப்பேனே என்று சொல்ல வாயெடுத்தார். ஒருதடவை கேட்டாள், விறகுக் கதை சொன்னோம் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார். அவமானமாக இருந்தது. அதைவிட, அவளுக்கு ஒன்றும் இல்லை என்பதில் மனசு அப்படியே நிறைந்துபோயிற்று.

"பாதிதான் நடந்திருக்குது," என்றார். "நீ இன்னும் ஏறல."

காப்பு முடிந்து தீபாராதனை பார்த்துவிட்டு ஆறு மணிக்கு இருவரும் வண்டியில் ஏறினார்கள். அவர் முறைப்படி சூட்டை வெளியே தள்ளி, கண்ணாடி ஏற்றி, பூ புட்டாவை அமுக்கி, அம்பு சுத்தும் பட்டனையும் அமுக்கினார். வீடு நாலு கிலோமீட்டர். அவர் ஏகாம்பரநாதர் கோயிலைச் சுற்றிக்கொண்டு போனார். அங்கே நிழலும் இல்லை, சவாரியும் இல்லை, போவதற்கு ஒரு காரணமும் இல்லை. அம்சவேணி முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பத்து நிமிடம் போயிருக்கும்.

"ஏங்க, குளுருது. ஜன்னல கொஞ்சம் தெறங்க."

"தெறக்கறதா?" கலியாணசுந்தரம் பதறிப்போனார். "எவ்ளோ கஷ்டப்பட்டுக் குளிர வெச்சிருக்குது! தெறந்தா எல்லாம் வீணாப் பூடும்மா. மறுபடியும் மொதல்லேந்து குளிர வைக்க எவ்ளோ பெட்ரோல் ஆவும் தெரியுமா?"

"ஒரு விரக்கட தெறங்க போதும்."

"ஒரு நூலளவு கூட முடியாது."

அம்சவேணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பின்பக்கம் கையை நீட்டி, காய்ந்து கிடந்த கோணி ஒன்றை எடுத்து உதறி, பட்டுப்புடவைக்கு மேல் போர்த்திக்கொண்டாள்.